ஊசி மிளகாய் வேலைக்கு ஒரு பின்கட்டு: கையுறை, குழாய், எண்ணெய்

மலேசியாவிலுள்ள சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுப் பின்கட்டை மிளகாய் வேலைக்கு ஏற்ற இடமாக மாற்றியபோது செய்த ஏற்பாடுகளையும், வேலையின் நடுவே ஏற்பட்ட கைக் காந்தலை ஆற்றிய முறையையும் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். அக்கா பல ஆண்டுகளாக ஊறுகாயும் சம்பலும் செய்து, ஊரிலுள்ள ஒட்டுக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறார். மற்ற மாதங்களில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கைபோக்கில் முடிந்துவிடும் வேலை, தீபாவளி நெருங்கும்போது 8 கிலோ ஊசி மிளகாயைக் கீறுவதும் 5 கிலோ காய்ந்த மிளகாயை வேகவைத்து அரைப்பதுமாகப் பெருகிவிடும். அந்த அளவில் வேலை செய்யும்போது, வீட்டுச் சமையலில் பொறுத்துக்கொள்ளும் எரிச்சல் என்பது போய், கையைத் தூக்கமின்றி விசிறிக்கொண்டே விடிய வேண்டிய நிலை வருகிறது.

நான் தோட்ட மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லயத்து மக்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள், டிரஸ்ஸர் என்று அழைத்த வேலை அது. கல்யாண வீட்டுக்கு மிளகாய் அரிந்த பெண்கள், நள்ளிரவில் வாளித் தண்ணீரில் கையை விட்டபடியே மருத்துவமனை வாசலுக்கு வந்து நிற்பது தோட்டத்தில் புதிய காட்சியன்று. கையைத் தண்ணீரிலிருந்து எடுத்த மறுகணமே காந்தல் திரும்பிவிடுகிறது என்பதே அவர்கள் எல்லாருடைய குறையுமாக இருக்கும். ரப்பர் தரும் பால்மரம் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தக் குறை மாறவில்லை.

மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் எல்லா ஏற்பாடுகளுக்கும் காரணம் தானே விளங்கும். வெறும் தண்ணீரில் கழுவிய கை சுத்தமாகத் தெரியுமே தவிர, கேப்சைசின் தோலின் மேற்படலத்திலிருக்கும் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். உறைப்பு விதையில் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். ஒரு பழுத்த ஊசி மிளகாயை நீளவாக்கில் கீறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காம்படியிலிருந்து கீழிறங்கும் வெளிறிய நடுநரம்பும், அதன் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் பளபளப்பும் தெரியும். கேப்சைசின் சுரப்பது அந்த நரம்பில்தான். விதை அதை ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டுமே உறைக்கிறது. விதையை மட்டும் உதறிவிட்டு நரம்பை விட்டுவைத்தால் உறைப்பு பெரிதாகக் குறையாது. நரம்பை நகத்தால் சுரண்டி எடுப்பதோ, கையைக் கெடுத்துக்கொள்ள இருக்கும் வழிகளிலேயே மிகக் குறுக்கு வழி.

உறைப்பை அளப்பதற்கு 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் வகுத்த அளவுகோலில், ஊசி மிளகாய் 50,000 முதல் 1,00,000 வரை நிற்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மேலைநாட்டுச் சமையலில் காரமானது என்று பேர் வாங்கிய ஹாலபீனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரைதான். மேலைநாட்டார் எழுதும் மிளகாய்க் குறிப்புகளில் கையுறை விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்ற தொனி இருப்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் சந்தையில் சிலி பாடி என்று கேட்டு வாங்கும் ஊசி மிளகாய்க்கு அந்தத் தொனி பொருந்தாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன், மிளகாய் நம் கையிலிருந்து வேறு எங்கெல்லாம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கேப்சைசினுக்கு நிறமில்லை. ஆனால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமினும் அதைப்போலவே தண்ணீரில் கரையாமல் எண்ணெயில் கரைவது. ஆகவே மஞ்சள் தூளை ஒத்திகைக்கு நிறுத்தினேன். ஒரு கரண்டி மஞ்சள் தூளை இரண்டு கரண்டி எண்ணெயில் குழைத்து, அக்கா மகளின் கையுறை விரல்களில் பூசிவிட்டு, அரைமணி நேரம் பயற்றங்காய் நறுக்கச் சொன்னேன். பார்த்துப் பார்த்துச் செய்யாதே, வழக்கம்போல் இரு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் பாட்டுக் கேட்டாள். இடையில் தண்ணீர் குடித்தாள். யாருக்கோ பதில் அனுப்பினாள்.

அரைமணி கழித்துப் பார்த்தபோது கத்திப் பிடியிலும் பலகையிலும் மஞ்சள் இருந்தது எதிர்பார்த்ததே. திருகுக் குழாயின் தலையில் நான்கு விரல் தடம் இருந்தது. தண்ணீர்க் குவளையின் விளிம்பிலும், கைபேசியின் இரு பக்கங்களிலும், குளிர்பெட்டியின் கைப்பிடியிலும், மூக்குக் கண்ணாடியின் வலது காலிலும், நெற்றிமுடியை ஒதுக்கிய இடத்திலும், கைதுடைக்கும் துணியின் இருபுறமும் மஞ்சள் இருந்தது. கையுறையின் விளிம்புக்கு மேலே இடது மணிக்கட்டைச் சுற்றி வளையம் போட்டதுபோல் ஒரு கோடும் விழுந்திருந்தது. "மாமா, நான் முகத்தைத் தொடவே இல்ல மாமா" என்று அவள் உறுதியாகச் சொன்னாள். கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு பேச்சில்லை. அக்காவோ, பயற்றங்காயெல்லாம் எண்ணெயும் மஞ்சளுமாகக் கிடக்கிறதே, இன்றைக்கு அதையே பிரட்டிவிடுகிறேன் என்று சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

ஒத்திகையின் இரண்டாம் பாதி கழுவுவது. குழாய்த் தலையில் இருந்த மஞ்சளைத் தண்ணீர்விட்டுத் துடைத்தபோது அது இடம் மாறிப் பரவியதே ஒழிய, போகவில்லை. துணி துவைக்கும் கட்டிச் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறியது. குங்குமம் செய்யும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் நடப்பதே இங்கும் நடக்கிறது. சோப்பு எந்த மூலை வரை எட்டியிருக்கிறது என்பதை அந்தச் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் அவ்வளவாகச் சிவக்க வைக்காது, ஆனால் மஞ்சளை எடுத்துவிடும். முதலில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு திரவம் போட்டு, கடைசியில் தண்ணீர்விட்ட இடங்களில் தடமே எஞ்சவில்லை. எண்ணெய், சோப்பு, தண்ணீர் என்ற வரிசையை அக்கா அன்றே பிடித்துக்கொண்டார். மஞ்சள் தடத்தை வைத்து மிளகாயின் அளவைச் சொல்ல முடியாது என்றாலும், கை போகும் வழியை அறிய இதைவிட மலிவான முறை எனக்குத் தெரியவில்லை. மர நறுக்குப் பலகையை மட்டும் இந்த ஒத்திகைக்குப் பயன்படுத்த வேண்டாம். மஞ்சள் மரத்தை விட்டுப் போகாது.

ஒத்திகை காட்டிய முதல் குறை குழாய். திருகுக் குழாயை மூட விரல்களால் பற்றித்தான் ஆக வேண்டும். காரக் கையால் திறந்து, கழுவிய கையால் அதே தலையைப் பற்றி மூடினால் கழுவியதற்குப் பொருளில்லை. எனவே முழங்கையால் தள்ளக்கூடிய நீண்ட பிடியுள்ள குழாயாக மாற்றினேன். தலைக்குழாயை மூடிவிட்டு, பழைய குழாயைக் கழற்றி, சுவரிலிருக்கும் இழையில் படிந்த பழைய நாடாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் குழாயின் இழையில் டெஃப்லான் நாடாவை அது இறுகும் திசையிலேயே சுற்றி மாட்ட வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், திருகும்போது நாடா சுருண்டு வெளியே வந்துவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் அரை அங்குல இழைதான்; வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. குப்பைக் கூடையையும் காலால் மிதித்துத் திறப்பதாக மாற்றினோம். கைபேசியை ஒரு மெல்லிய நெகிழிப் பையில் போட்டு முடிந்துவைத்தாலும், பிறகு அந்தப் பையைப் பிரிக்கும் கை எது என்ற கேள்வி வருகிறது. அது முன்னறையிலேயே இருக்கட்டும் என்று அக்கா போட்ட தடைதான் கடைசியில் நின்றது. தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழல் வைத்த ஒரு போத்தலைப் பின்கட்டுக்கு வெளியே வைத்தோம்.

அடுத்தது கையுறை. பால்மரத்தோடு வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு ரப்பர் கையுறையைக் குறை சொல்ல மனம் வராது; உலகிலேயே அதிகமாகக் கையுறை செய்து ஏற்றுமதி செய்யும் நாடும் நம் நாடுதான். ஆனால் மிளகாய் வேலைக்கு இயற்கை ரப்பரான லேடெக்ஸ் கையுறை ஏற்றதன்று. எண்ணெய் பட்டால் அது ஊறி நெகிழ்ந்து பலவீனமாகிவிடும். நரம்பு வலிக்காகத் தோலில் ஒட்டும் 8 விழுக்காட்டுக் கேப்சைசின் ஒட்டுப்பட்டையைக் கையாளும்போது செயற்கை ரப்பரான நைட்ரைல் கையுறையே போட வேண்டும், லேடெக்ஸ் போதிய பாதுகாப்புத் தராது என்று மருத்துவப் பணியாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். அந்த ஒட்டுப்பட்டைக்குச் சொன்னதை மணிக்கணக்கில் மிளகாய் கீறும் கைக்கும் பொருத்திக்கொள்வதில் தவறில்லை. கடைகளில் சாப்பாடு கட்டித் தரும்போது போட்டுக்கொள்ளும் தொளதொள நெகிழிக் கையுறை, இரண்டு தாள்களை ஓரத்தில் சூடுவைத்து ஒட்டியது. அந்த ஒட்டு விரலிடுக்கில்தான் முதலில் விடும். பரோட்டா எடுத்து வைக்க அது போதும்.

நைட்ரைலில் இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டோம். உள்ளே நீலம், வெளியே கறுப்பு. வெளியுறை கிழிந்தால் உள்ளே இருக்கும் நீலம் உடனே கண்ணில் படும். முழங்கை வரை நீளும் சட்டைக் கையின் விளிம்பை உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் நடுவே செருகிவிட்டால், மணிக்கட்டு வளையம் விழாது. நம் ஊர் வெக்கையில் இரட்டை உறைக்குள் கை நனைந்து போகிறது. வேர்த்து ஊறிய தோலில் எதுவும் எளிதில் இறங்கும் என்பதால், இடையிடையே எழுந்து, உறைகளைக் கழற்றி, கையை உலர்த்திவிட்டு, புதிய உறைகளைப் போடுவது வீண்செலவாகாது. கழற்றுவதற்கு முன்னால், உறை கையில் இருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அதைக் கழுவிவிட வேண்டும். பிறகு மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உள்வெளியாகப் புரட்டி உரிக்க வேண்டும். விரல் நுனியைப் பற்களால் கடித்து இழுக்கும் பழக்கமுள்ளவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கீறுவதற்குக் கத்தியைவிடச் சிறு கத்தரிக்கோல் மேலானது. காம்பைப் பிடித்துக்கொண்டு, காயை ஒரு ஆழமான கிண்ணத்துக்குள் வைத்தபடியே நுனியிலிருந்து ஒரு வெட்டு விட்டால், தெறிக்கும் சாறு கிண்ணத்துச் சுவரில் பட்டு நின்றுவிடும். பலகையில் வைத்து அமுக்கிக் கீறும்போது அதே சாறு கண் உயரத்துக்குத் தெறிக்கிறது. எனக்கு வெறும் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. மற்றவர்களுக்கு வன்பொருள் கடையில் கிடைக்கும் காப்புக் கண்ணாடி கொடுத்தோம். கண்ணுக்குள் வைக்கும் வில்லை அணிபவர்கள், அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பின்கட்டுக்குள் வர வேண்டும். வேலை முடிந்து நன்றாகக் கழுவியதாக நினைக்கும் விரலால் அன்றிரவு வில்லையைத் தொடுவதும் ஆபத்தே; வில்லையில் ஒட்டிய கேப்சைசின் அடுத்த நாள் காலையில் கண்ணுக்குள் போகும்.

நெடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காய்ந்த மிளகாய் வறுத்த எந்த வீட்டுக்கும் அது தெரியும். மேசை விசிறியை வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால், பின்வாசலைப் பார்த்து வைத்தோம். பக்கவாட்டில் வைத்தால் நெடி சுழன்று திரும்ப மூக்குக்கே வருகிறது. வறுப்பதை வெளியே கூரையடி அடுப்புக்கு மாற்றினோம். வேகவைத்த மிளகாயை ஆறவிட்டே அரைக்க வேண்டும். அரைத்த பிறகு சாடியின் மூடியை உடனே திறக்காமல், உள்ளே எழும்பிய துளிகள் அடங்கும் வரை விட்டுவைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு திறக்க வேண்டும். சாடியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினால் எழும் ஆவி தொண்டையைப் பிடித்துக் கமறச் செய்யும். இதிலும் எண்ணெய், சோப்பு, ஆறிய தண்ணீர் என்ற வரிசையே சரி. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருப்பது நல்லது. அக்காவுக்கு இளைப்பு உண்டு என்பதால், வறுக்கும் நேரத்தில் அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டோம். வறுபதம் சரியில்லை என்று வந்து குறை சொன்னார், ஆனால் இருமவில்லை.

இத்தனைக்கும் மேலாக ஒரு காந்தல் வந்தது. அக்கா மகளின் வலது பெருவிரலில், கத்தரிக்கோலின் பிடி உரசிய இடத்தில், இரண்டு உறைகளும் மயிரிழை அளவுக்குத் தேய்ந்து கிழிந்திருந்தன. கறுப்பு கிழிந்தால் நீலம் தெரியும் என்ற ஏற்பாடு, பிடியின் வளையத்துக்குள் மறைந்த அந்த இடத்துக்கு உதவவில்லை. வேலை முடிந்து, கழுவி, சாப்பிடும் வரை அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவில் வெந்நீரில் குளித்தபோதுதான் விரல் பற்றிக்கொண்டது. "கை வெந்து போன மாதிரி இருக்கு மாமா, பாருங்க, ஒண்ணுமே தெரியல" என்று நீட்டினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் லேசாகச் சிவந்திருந்தனவே தவிர, கொப்புளமோ வீக்கமோ இல்லை.

இந்தத் தாமதமும் வெந்நீரில் பற்றிக்கொள்வதும் மிளகாய்க் காந்தலின் இயல்பு. தோலின் மேற்படலத்தைக் கடந்து நரம்பு நுனியை எட்டக் கேப்சைசினுக்கு நேரம் பிடிக்கும். எட்டிய பின் அது பற்றுவது, சூட்டை உணர்வதற்கென்றே நரம்பில் இருக்கும் ஒரு வாயிலை. சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்க வேண்டிய அந்த வாயிலைக் கேப்சைசின் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுவதால், தோல் வேகாமலேயே வேகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. டிஆர்பிவி1 எனப்படும் இந்த வாயிலை 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர். கண்டறியக் கருவியாக அவர் எடுத்துக்கொண்டது கேப்சைசினையே. 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். ஏற்கெனவே பாதி திறந்த வாயிலுக்கு வெந்நீர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளையின் முகம் காட்டியது. காந்தும் கையை வெந்நீரில் விடக்கூடாது, வெயிலிலும் அடுப்பருகிலும் காட்டக்கூடாது.

கடையில் விற்கும் ஒரு கிலோ பொட்டல எண்ணெயைப் பிரித்து ஒரு அகன்ற கிண்ணத்தில் ஊற்றி, விரல்களை அதில் முழுவதும் அமிழ்த்தி மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். இதற்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேட வேண்டியதில்லை. செம்பனை எண்ணெயே போதும். சில நிமிடங்கள் கழித்து எண்ணெயைத் தாளால் துடைத்து எடுத்துவிட்டு, புதிய எண்ணெயில் மீண்டும் தேய்க்க வேண்டும். கரைத்து எடுத்த கேப்சைசினோடு அந்தப் பழைய எண்ணெயைக் கையிலேயே விட்டுவைத்தால் அது மற்ற இடங்களுக்குப் பரவும். பிறகு, தண்ணீர் சேர்க்காமல், எண்ணெய்க் கையின் மேலேயே பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி, நகக்கண், விரலிடுக்கு, விரல் மடிப்பு ஆகியவற்றில் மென்மையான பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். அதன்பிறகே குழாய் நீர், அதுவும் குளிர்ந்த நீர். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் செய்தோம்.

கழுவி முடித்த உடனே காந்தல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. மேற்பரப்பில் இருப்பதை எடுத்துவிடலாம். உள்ளே இறங்கியது தானாக அடங்க வேண்டும். அதுவரை தாங்குவதற்குக் குளிர்ச்சி உதவுகிறது. குளிர்ந்த பாலில் நனைத்த துணியைச் சுற்றி, அது சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருந்தோம். பாலில் கொழுப்பும், கேப்சைசினைப் பற்றிக்கொள்ளும் கேசீன் என்ற புரதமும் இருக்கின்றன. வாய் உறைப்புக்குத் தண்ணீரைவிட மோரும் பாலும் கேட்பதற்கு இதுவே காரணம். கைத்தோலில் அதன் பயன் பாதி குளிர்ச்சிதான் என்பது என் எண்ணம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். மரத்த தோலில் நேரடியாக வைத்தால் குளிரே புண்ணாக்கிவிடும். வலி தாங்க முடியாதவர்கள் மருந்தகத்தில் கேட்டு லிடோகேயின் கலந்த களிம்பு வாங்கிப் பூசலாம். வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் கூடாது.

கைக் காந்தலுக்கு எண்ணெயா, தண்ணீரா என்பதை 1987இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஒப்பிட்டது. குளிர்ந்த குழாய் நீரில் விட்ட கைக்கு முதலில் சுகம் கூடுதலாக இருந்தது. எண்ணெயில் விட்ட கைக்குச் சுகம் நீடித்தது. வாளித் தண்ணீரோடு வந்த தோட்டத்துப் பெண்களின் அனுபவத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. 2008இல், மிளகாயின் கேப்சைசினைக் கொண்டு செய்யும் மிளகுத்தெளிப்பு பட்ட முகத்துக்குச் செய்த மற்றோர் ஆய்வில், வயிற்றெரிச்சலுக்கான வெள்ளை மருந்து, லிடோகேயின், குழந்தைச் ஷாம்பு, பால், தண்ணீர் ஆகியவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நேரம் ஆக ஆக எல்லாருக்கும் வலி குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எந்தத் திரவத்தையும் மாயமருந்தாக நம்பத் தேவையில்லை, சீக்கிரம் கழுவி எடுப்பதிலேயே முழு முயற்சியும் இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்றிரவு பக்கத்து வீட்டிலிருந்து வந்த யோசனைகளுக்கும் குறைவில்லை. எலுமிச்சை தேய்க்கச் சொன்னவர் ஒருவர். மிளகாயின் உறைப்பு புளிப்பால் முறியாது. தவிரவும், எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சில நாள்களில் கொப்புளமும் கருந்தழும்பும் வரக்கூடும். உப்பு வைத்துத் தேய்த்தால் தோல் உராய்ந்து இன்னும் உள்ளே இறங்கும். பற்பசை குளுகுளுவென்று இருப்பது அதிலுள்ள புதினாச் சத்தால். அது எதையும் கழுவி எடுப்பதில்லை. துணி வெளுக்கும் குளோரின் நீரில் கையை விடச் சொன்னவரும் உண்டு. காந்தும் தோலில் அதை ஊற்றுவதை நான் எந்த நிலையிலும் அனுமதிக்க மாட்டேன்.

கண்ணுக்குள் பட்டால் முறை முற்றிலும் வேறு. எண்ணெயும் பாலும் கண்ணுக்கு ஆகா. பாலில் கிருமி இருக்கலாம். தேய்க்காமல், வில்லை இருந்தால் முதலில் சுத்தமான கையால் எடுத்துவிட்டு, மெல்லிய ஓட்டமாக விழும் சுத்தமான தண்ணீரில் கண்ணை நன்றாகத் திறந்து, இமைத்தபடி, 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வலி, மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் இவை தீராவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். கையில் கொப்புளம் எழும்பினாலும், நெடியால் மூச்சு இழுத்தாலும், சிறு குழந்தைக்குப் பட்டாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்கக்கூடாது. மூச்சுத் திணறினால் அவசர உதவி எண் 999தான். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இதுபோன்றவற்றுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறது. கழிவறைக்குப் போவதற்கு முன்னும் கையை எண்ணெய், சோப்பு என்ற முறையில் கழுவ வேண்டும் என்பதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விடக்கூடாது; தோட்ட மருத்துவமனைக்கு அந்தக் குறையோடு வந்து, வாய் திறக்காமல் வெகுநேரம் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பால்குடிக் குழந்தையுள்ள தாய்மாரை இந்த வேலைக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது. கழுவிய கையும் குழந்தையின் உதட்டுக்கு எரியும் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கும்.

மறுநாள் காலையில் அவளுக்கு விரல் நுனியில் சிறு கூச்சம் மட்டுமே எஞ்சியது, வெந்நீர் பட்டால் மட்டும் தெரிந்தது. கத்தரிக்கோலின் பிடி வளையத்தில் இரும்பு வார்ப்பின் ஓரம் கூராக நின்றிருந்தது. அதை அரம் போட்டு மழுக்கி, மேலே துணி நாடா சுற்றினேன். பெருவிரலுக்கு மட்டும் உள்ளுறைக்கு மேல் ஒரு விரலுறை கூடுதலாகப் போடுவதாக முடிவாயிற்று. வேலைத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல், முதலில் பாத்திரத் திரவத்தில் ஊறவைத்து, தனியாகத் துவைத்தோம். இயந்திரத்தில் ஒன்றாகப் போட்டால் உள்ளாடை வரை காரம் ஏறும். மிளகாய்க் கிண்ணங்களில் ஒட்டியிருந்த விதையையும் நரம்பையும் அக்கா கோழிகளுக்குக் கொட்டினார். பறவைகளின் நரம்பு வாயில் கேப்சைசினுக்குத் திறப்பதில்லை என்பதால் அவை நிம்மதியாகக் கொத்தின. வேலியோரத்துச் செடியிலிருக்கும் பழுத்த ஊசி மிளகாயை மைனா வந்து தின்றுவிட்டுப் போவதும் அதனால்தான்.

இனி மாற்ற வேண்டியது அரைக்கும் மேசையின் இடம். இப்போது அது சுவரை ஒட்டி இருப்பதால், விசிறிக் காற்று சாடியின் மேல் போகாமல் அதன் பக்கமாகவே கடந்துவிடுகிறது. அதை ஒரு கை அளவு வாசல் பக்கம் நகர்த்தி, சாடி வைக்கும் உயரத்தை அக்காவின் முகத்துக்குக் கீழே ஒரு சாண் இறக்க வேண்டும். மேசைக் காலை அறுப்பதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. செங்கல் அடுக்கி நிற்கும் இடத்தை உயர்த்திக்கொள்ளலாமே என்கிறார். ஈரத் தரையில் செங்கல் நழுவும் என்பதால், பலகை அடித்து ஒரு தாழ்ந்த மேடை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.